பயந்தாங்கொள்ளி

மயானத்தில் அப்பாவை இறக்கி வைத்ததும் ராணுவ அதிகாரி அருகில் வந்தார்.

"வானத்தைப் பார்த்து மூணு தடவை சுடுவோம்மா. பட்டாளத்து மரியாதை."

"வேண்டாம் சார்," என்றாள் மகள். அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

"பயந்தாங்கொள்ளி," என்றான் அண்ணன். "நீ காதைப் பொத்திக்க. சார், நீங்க சுடுங்க."

சின்ன வயதில் இடி இடிக்கும்போதெல்லாம் அப்பா அவள் கட்டிலுக்கு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வார். "அப்பா இருக்கேன், பயப்படாதே" என்பார். அப்போது ஒட்டிக்கொண்டதுதான் இந்தப் 'பயந்தாங்கொள்ளி' பட்டம். அவள் ஒருநாளும் மறுத்ததில்லை.

முதல் வேட்டு வெடித்தது. அவள் அப்பாவின் கையைப் பற்றிக்கொண்டாள். இடி இரவுகளில் அவள் கைக்குள் வெடவெடவென்று நடுங்கிய அந்தக் கை, இன்று அசையாமல் கிடந்தது.

"நான் இருக்கேன்ப்பா," என்றாள். "பயப்படாதீங்க."