வெறும் தண்ணீர்

குயின்ஸ்லாந்து மலைகளில் அழிந்தே போய்விட்டது என்று எல்லோரும் கைகழுவிய தவளை அது. இமோஜன் மட்டும் விடாமல் தேடிக்கொண்டிருந்தாள்.

"நீ கொண்டுவந்த ஓடைத் தண்ணி எதுலயும் தவளையோட டி.என்.ஏ. இல்ல. ஒப்பிட்டுப் பார்க்க வச்ச வெறும் தண்ணியிலதான் இருக்கு!" சிரித்தான் ஆய்வகத்துக் கேலம். "கைராசிக்காரி, எங்கேயோ தொட்டுக் கெடுத்துட்டே."

"திரும்பச் செஞ்சு பாரேன்."

"பார்த்துட்டேன், அதேதான். காய்ச்சி வடிச்ச தண்ணிதானே ஊத்தினே?"

அது தீர்ந்துபோன அவசரத்தில், இமோஜன் வீட்டு மழைநீர்த் தொட்டியிலிருந்துதான் பிடித்திருந்தாள்.

உடனே கணவனைப் போனில் அழைத்தாள்.

"லாக்லன், தொட்டி மோட்டார் கீச்சுக் கீச்சுன்னு கத்துதுன்னு புலம்புவியே, அதைக் கொஞ்சம் நிறுத்திட்டுக் கேளு."

மறுமுனையில் சுவிட்சைத் தட்டும் சத்தம் கேட்டது.

"நிறுத்திட்டேன் இமோ... இன்னும் கத்துது."