நல்லா இருந்த மாசம்

மாத்திரை சாப்பிட்டும் குணமாகாத கணவர் கதிரேசனை, பாக்கியலட்சுமி சிங்கப்பூரின் தெம்பனிஸில் வேறொரு மனநல மருத்துவரிடம் அழைத்து வந்தாள்.

"எந்நேரமும் படுத்தே கிடக்கிறாரு டாக்டர்."

"இடையில எப்பவாவது நல்லா இருந்தாரா?"

அவள் முகம் மலர்ந்தது. "ஜூன்ல இருந்தாரே. தூக்கமே இல்லாம வீடு முழுக்கப் பெயின்ட் அடிச்சாரு. தேக்கா மார்க்கெட்டுல முன்பின் தெரியாதவங்களுக்கெல்லாம் பிரியாணி வாங்கிக் கொடுத்தாரு. ஓயாம சிரிப்பு, பாட்டு."

"இதைப் பழைய டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"இல்லையே. அவர் நோயைப் பத்தித்தானே கேட்டாரு."

"அதுவும் இதே நோய்தாம்மா. ஒரு பக்கம் சோர்வு, மறுபக்கம் அளவுமீறின உற்சாகம். ரெண்டுக்கும் சேர்த்து மருந்து தர்றேன். கட்டுக்குள்ள வந்துடும்."

பாக்கியலட்சுமி கணவரைப் பார்க்காமல் மெல்லக் கேட்டாள்.

"அந்த மாசந்தான் டாக்டர், முதல்தடவையா என்னை அழகுன்னு சொன்னாரு. அதுவுமா?"