காய்ச்சலுக்கு ஒரு ஜெபம்

“காய்ச்சல், டீச்சர்.”

வாயை விட்டு வந்த பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது.

எதிரே லில்லி டீச்சர். மூன்றாம் வகுப்பில் அவளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர். கேட்டது ஒன்றே ஒன்றுதான். பள்ளிக்கூட நேரத்தில் பிள்ளைக்கு மார்க்கெட்டில் என்ன வேலை?

பதில் இருந்தது. நல்ல பதில்.

மகள் கெசியா வீட்டில்தான் படிக்கிறாள். அம்மாதான் டீச்சர். இப்போது நடப்பது கணக்கு வகுப்பு. ஒரு கிலோ அவரைக்காயில் எத்தனை கால் கிலோ இருக்கிறது என்று இருவரும் தராசுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போன மாதம் சபையில் மைக்கைப் பிடித்து இதையே சாட்சியாகச் சொன்னாள். கர்த்தர் உணர்த்தினார், பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையை எடுத்துவிட்டோம், யார் என்ன சொன்னாலும் எங்களுக்கு வெட்கமில்லை. பெண்கள் பக்கம் அல்லேலூயாவில் அதிர்ந்தது.

“ஊர்ல கேப்பாங்களே” என்று ஆரம்பத்தில் இழுத்தவன் அவள் கணவன் ஆசீர்தான். கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று அவன் வாயை அடைத்தவள் அவள்.

பாளையங்கோட்டையில் தெருவுக்குத் தெரு பள்ளிக்கூடம். அந்த ஊரில் நின்றுகொண்டு, டீச்சரின் முகத்தைப் பார்த்து, அதைச் சொல்ல வார்த்தை வரவில்லை.

காய்ச்சல்தான் வந்தது.

கெசியா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். எட்டு வயது. பொய் சொல்லக்கூடாது என்பதைப் போன வாரம்தான் மனப்பாட வசனமாகப் படித்திருந்தாள்.

டீச்சர் பிள்ளையின் நெற்றியில் புறங்கையை வைத்தார்.

“மேலு சுடலியே.”

“இப்பதான் விட்டுச்சு டீச்சர்.”

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். அவளுக்கு இரண்டிலேயே முகம் எரிந்தது.

அதோடு போயிருந்தாலும் தேவலை. டீச்சர் பையைக் கீழே வைத்தார். அந்த மார்க்கெட் கூச்சலுக்கு நடுவிலேயே கெசியாவின் தலையில் கைவைத்து ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். ஆண்டவரே, இந்தச் சின்னப் பிள்ளையின் காய்ச்சலை இன்றைக்கே எடுத்துப்போடும்.

கெசியா ஒழுங்காகக் கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா அப்படித்தான் வளர்த்திருந்தாள்.

ஜெபம் முடிந்ததும் அவள் “ஆமென்” என்றாள். தேவைக்கு மேலேயே சத்தமாக.

கெசியா சொல்லவில்லை.

கிளம்பும்போது டீச்சர் பக்கத்து வண்டியில் சாத்துக்குடி வாங்கிப் பிள்ளையின் கையில் கொடுத்தார்.

“பிழிஞ்சு குடு பிள்ளே. ஐஸ் போட்டுறாத.”

வழியெல்லாம் கெசியா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டில் சாப்பாட்டு மேஜைதான் வகுப்பறை. சாறு பிழிந்து டம்ளரை மகளுக்கு முன்னால் வைத்தாள்.

“எனக்கு வேண்டாம்மா.”

“ஏன்?”

“அது காய்ச்சக்காரப் பிள்ளைக்கு டீச்சர் வாங்கிக் குடுத்தது.”

குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் ஒரு அதட்டுப் போட்டிருக்கலாம். பென்சிலைச் சீவிக்கொண்டே, தனக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னாள். அவ்வளவுதான்.

கொட்ட மனம் வராமல் அவளே குடித்தாள்.

பிள்ளையிடம் சொல்லிவிடலாம். அம்மா செய்தது தப்பு என்று ஒரு வரி. எத்தனை தடவை வாயெடுத்தாள்! ஒவ்வொரு தடவையும் வேறு ஏதாவதுதான் வந்தது.

வகுத்தல் சொல்லிக்கொடுத்தாள். தாமிரபரணி எங்கே பிறக்கிறது என்று சொல்லிக்கொடுத்தாள். சொல்வதெழுதுதல் வைத்தாள். அந்த ஒரு வரியை மட்டும் சொல்லவில்லை.

சாயங்காலம் ஆசீர் வந்தான். சமையல்கட்டில் சாத்துக்குடித் தோலைப் பார்த்தான்.

“யாரு வாங்கினது?”

“லில்லி டீச்சர் பிள்ளைக்குக் குடுத்தாங்க.”

“என்ன விசேஷம்?”

அடுப்பில் பால் பொங்குகிறது என்று திரும்பிக்கொண்டாள். பொங்கவில்லை. மூன்றாவது பொய்.

விளக்கு வைத்த பிறகு குடும்ப ஜெபம். பாயை விரித்து மூவரும் முழங்காலில் நின்றார்கள். இந்த வீட்டில் முதலில் ஜெபிப்பது சின்னவள்தான். பெரியவர்கள் இரண்டு பேரும் ஆமென் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் ஜெபம் கூரையைத் தாண்டாது என்பது கெசியாவின் எண்ணம். சொல்லும்வரை எழுந்திருக்கமாட்டாள்.

“இயேசப்பா, இந்த நாளுக்காக ஸ்தோத்திரம். அப்பாவைப் பத்திரமாக் கூட்டிட்டு வந்ததுக்கு ஸ்தோத்திரம்.”

கூப்பிய கையை இறுக்கிக்கொண்டாள்.

“காலைல டீச்சர் பண்ணின ஜெபத்தைக் கேட்காதேயும். எனக்குக் காய்ச்சலைத் தாரும். பெரிய காய்ச்சல் வேண்டாம். ஒரு நாள் வந்தாப் போதும். எங்கம்மா சொன்னது பொய்யாப் போயிரக் கூடாது. இயேசுவின் நாமத்தில் கேட்கிறேன் பிதாவே.”

ஆசீர் கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தான்.

அவள் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவமானம் காதுவரை ஏறியிருந்தது. மார்க்கெட்டில் எவ்வளவு சுலபமாக வந்த சொல்!

யாரும் எழுந்திருக்கவில்லை.

“அம்மா,” என்றாள் கெசியா, மூடிய கண்ணைத் திறக்காமல். “ஆமென் சொல்லும்மா.”