பேய் விருந்துக்கு ஒரு கண்

அக்ஸாவின் ஒன்பதாவது பிறந்தநாளுக்குப் பேய் விருந்து என்று முடிவாகியிருந்தது. இடியாப்பம் பேயின் தலைமுடி, பீட்ரூட் சாறு ரத்தம், அவித்த முட்டை கண். ஜெசிந்தா ஒரு முட்டையை உரித்து, நடுவில் உலர்திராட்சையைப் பதித்து மகளிடம் நீட்டினாள்.

“இதுக்கு யாரும் பயப்பட மாட்டாங்கம்மா” என்ற அக்ஸா, நாவல் பழத்தைப் பிய்த்து முட்டையின் அடிப்பக்கத்தில் தேய்த்தாள். கருநீலம் ஏறியது. பிறகு விரலில் மஞ்சள்தூளைத் தொட்டு அதன் ஓரமாகத் தடவினாள். “முதல்ல நீலமா இருக்கும். நாலு நாள் கழிச்சுதான் ஓரமெல்லாம் இப்படி மஞ்சளாகும்.”

ஜெசிந்தா கையில் எடுத்த அடுத்த முட்டையைக் கீழே வைத்தாள். போன மாதம் கண்வலி என்று சொல்லித்தான் அவள் வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டுத் திரிந்தாள்.

“உனக்கு யாருடி சொன்னா?”

“கண்ணாடியக் கழட்டி வச்சிட்டுத் தூங்குவல்ல, அப்பப் பாத்தேன். தெனமும்.”

வாசலில் அவள் கணவன் பிரின்சின் பைக் வந்து நின்றது. சத்தம் கேட்டதும் அக்ஸா அந்த முட்டையை முழுசாக வாய்க்குள் திணித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்ட மென்று விழுங்கிவிட்டு, பாவாடையால் தட்டைத் துடைத்தாள். “இது மெனுல வேண்டாம்மா.”

“என்ன, பேய்ச் சாப்பாடு ரெடியா?” என்று சிரித்தபடி பிரின்ஸ் உள்ளே வந்தான்.

மகளின் ஊதா உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்த ஜெசிந்தா, இன்னொரு முட்டையை உரித்தாள். நாவல் தோலை அதன்மேல் அழுத்தித் தேய்த்தாள்.

“உக்காருங்க” என்றாள். “முதல் தட்டு உங்களுக்குத்தான்.”