இடப்பக்கம் இழுத்த துவக்கு

“அசையாம பிடிங்க, தொரையோட ஜீப் ஏறி வருது!”

கணவன் பிடித்திருந்த துவக்கின் குழலுக்கும் மரக்கட்டைக்கும் நடுவே ஒரு தகரத் துண்டைச் செருகி, திருகாணியை முறுக்கினாள் பிலோமினா.

அவள் கணவன் மரியதாஸ், வத்தேகம மிளகுத் தோட்டத்துக் காவல்காரன். பன்றிக்குச் சுட்ட ரவையெல்லாம் ஒரு முழம் இடப்பக்கம் போகிறது, துவக்குதான் கோணல் என்று அவளிடம் சொல்லியிருந்தான். தோட்டத்தை நடத்தும் துரை சோதிக்க வரும் இன்றும் குறி தப்பினால், வேலையோடு தோட்டம் தந்த லயத்து வீடும் போய்விடும்.

துரை இறங்கி, வேலிக் கம்பத்தின் மேலிருந்த டின்னைக் காட்டினார். “அந்த டின்ன அடி பாப்போம்!”

மரியதாஸ் சுட்டான். டின் பறந்தது.

“குடு, நானும் சுடுறேன்.”

துரையின் ரவை ஒரு முழம் வலப்பக்கம் போனது. அவர் மரியதாஸைத் திரும்பிப் பார்த்தார்.

“என்னடா, ஒனக்கு மட்டும் நேராப் போகுது?”

“அவரு கைக்குப் பழகினதுங்க தொரை,” என்று முந்திக்கொண்டாள் பிலோமினா.

துரை சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறினார்.

“துவக்கு நேராத்தாங்க இருந்துச்சு,” என்றாள் அவள், ஜீப் மறைந்ததும். “வலது தோள்ல வச்சு இடது கண்ணால குறி பாத்தா ரவை இடப்பக்கந்தான் போகும்; அதான் நான் அத ஒங்க இடது கண்ணுக்குக் கோணலாக்கினேன். மூணு மாசமா வலப்பக்கம் வைக்கிற தேத்தண்ணியத் தட்டி விடுறீங்க. வலது கண்ணு தெரியலன்னு எங்கிட்டயாவது சொல்லக்கூடாதா?”