கெட்டுப்போன பியர்

நான்காவது கிளாஸையும் கனகலிங்கம் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தான். பிறகு, "இதையும் ஒருக்காக் குடிச்சுப் பாருங்கோ அண்ணை" என்று அரியரத்தினத்திடம் நீட்டினான். அவன் முகத்தில் அப்படி ஒரு அவசரம்.

அரியரத்தினத்துக்கு மானம் போனது. வீட்டிலே பியர் காய்ச்சுகிறவர்கள் மாதம் ஒருமுறை கூடும் கூட்டம் அது, பெண்டர் வாத்தியாரின் கராஜில். டார்ம்ஸ்டாட்டுக்குப் பக்கத்தில் இருந்த அகதி முகாமுக்கு வந்து ஜெர்மன் சொல்லிக்கொடுக்கும் அந்த நல்ல மனிதர், இருவரையும் முதல்தடவையாக அழைத்திருந்தார். வந்த இடத்தில் இவன் குடிக்கப் பிறந்தவன் போலக் கிளாஸ் கிளாஸாக மோப்பம் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

ஒரு கிழமைக்கு முன்புவரை சாராய வாடை பட்டாலே எழுந்து போகிறவன்தான் கனகலிங்கம். போன சனிக்கிழமை முகாம் அலுவலகத்துக்கு அவனைக் கேட்டு கொழும்பிலிருந்து ஒரு டெலிபோன் வந்தது. அன்றோடு ஆள் மாறிவிட்டான். சவரம் இல்லை, சரியான சாப்பாடு இல்லை, யாருடைய முகத்தையும் நேராகப் பார்ப்பதும் இல்லை. "ஊரிலை ஒரு பிரச்சினை" என்பதற்குமேல் அவன் வாயிலிருந்து ஒன்றும் பெயரவில்லை.

அரியரத்தினமும் தோண்டிக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை அவருடைய அகதி விசாரணை இருந்தது. மூன்று வருடம் காத்திருந்து கிடைத்த நாள், அதில் நாக்குத் தடுமாறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது நேற்று நல்லபடியாக முடிந்தபிறகுதான் அவருக்கு அடுத்தவனைப் பார்க்கக் கண் திறந்தது. 'என்ரை மனிசனைப் பாத்துக்கொள்ளுங்கோ அண்ணை' என்று கனகலிங்கத்தின் மனைவி பாலாம்பிகை கடிதத்துக்குக் கடிதம் எழுதுகிறாள். அவளுக்கு இனி என்ன பதில் எழுதுவது?

பெண்டர் சுட்ட சொசேஜ் தட்டோடு வந்தார். கனகலிங்கம் கையசைத்து மறுத்தான்.

"உங்கள் நண்பர் சாப்பிடவும் இல்லை, குடிக்கவும் இல்லை. எங்கள் பியர் பிடிக்கவில்லையா?" என்று பெண்டர் ஜெர்மனில் கேட்டார்.

"வயிறு சரியில்லை" என்று அரியரத்தினம் பொய் சொன்னார். அவருக்குத் தெரியாதா? சபையில் குடிக்காமல் அறைக்குக் கொண்டுபோய் ஒளித்துக் குடிக்கிறவனைத்தான் திருத்தவே முடியாது.

மேசையின் கடைசியில், யாரும் தொடாத ஒரு போத்தல் நின்றது. கனகலிங்கம் அதிலும் கொஞ்சம் ஊற்றி முகர்ந்துவிட்டு நீட்டினான். அரியரத்தினம் வேண்டாவெறுப்பாக ஒரு மிடறு விழுங்கினார். ஊரில் இருக்கும் தகப்பனின் ஞாபகத்தில் அவரையும் மீறிச் சிரிப்பு வந்தது.

"அட, அசல் பனங்கள்ளுப் புளிப்பு! எங்கடை ஐயா கடைப் போத்தலைக் கையாலையும் தொடார், கள்ளுத்தான். இதைக் குடுத்தால் 'கொண்டா மோனை' எண்டுவார். அடுத்த கடிதத்திலை எழுதவேணும்."

"உண்மையாவோ அண்ணை? கள்ளு மாதிரியே இருக்கோ?"

"ஓம். ஏன்?"

கனகலிங்கம் நேரே பெண்டரிடம் போய், போத்தலைக் காட்டி, தெரிந்த நாலு ஜெர்மன் சொல்லில் கேட்டான். பெண்டர் சங்கடத்தோடு, அது கெட்டுப்போய்ப் புளித்துவிட்டது, கீழே ஊற்றத்தான் வைத்திருக்கிறேன், நல்லதாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கனகலிங்கம் அசையவில்லை. கோயிலில் நிற்பதுபோல இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றான். கராஜில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பெண்டர் போத்தலை எடுத்துக் கொடுத்தார். அரியரத்தினத்துக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

வழியெல்லாம் வாய் ஓயாமல் ஏசினார். "ஊத்தப்போறதைக் கும்பிட்டு வாங்கிறியே, வெட்கமில்லையோ? பிரச்சினை எண்டால் எனக்குச் சொல்லலாம்தானே? உன்ரை பெண்சாதிக்கு நான் என்னெண்டு முகம் குடுக்கிறது?"

கனகலிங்கம் போத்தலை ஜாக்கெட்டுக்குள் அணைத்தபடி நடந்தான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. குடிகாரக் கண்ணீர், ஒரு சொட்டுக் குடிக்க முன்பே வந்துவிட்டது என்று அரியரத்தினம் மனம் கசந்தார்.

முகாம் அறையின் கதவைத் தள்ளியவர் வாசலிலேயே நின்றுவிட்டார். சின்ன மேசையில் வெள்ளைத் துணி விரித்து, தட்டில் சோறும் பொரித்த மீனும், பக்கத்தில் ஒரு சுருட்டும், வெறும் கிளாஸும் வைக்கப்பட்டிருந்தன. மெழுகுதிரி எரிந்தது. அதே அறையில் இருக்கும் தம்பித்துரை குளித்த ஈரத்தலையோடு மூலையில் நின்றார்.

செத்தவருக்குப் பிடித்ததை வைக்கும் படையல் என்று கண்டதும் அரியரத்தினத்தின் கோபமெல்லாம் வடிந்தது. "எட்டாம் நாள் படையலோ? ஐயோ கனகு, உன்ரை வீட்டிலை ஆரடா செத்தது? நான் தெரியாமல் ஏசிப்போட்டனே" என்று அவன் தோளைப் பிடித்தார்.

கனகலிங்கம் போத்தலை எடுத்து அவருடைய கையில் வைத்தான். அவன் குரல் உடைந்திருந்தது.

"நேற்று விசாரணை முடியுமட்டும் சொல்ல ஏலாமல் போச்சு. உங்கடை ஐயாவுக்கு நீங்கள்தான் படைக்கவேணும், அண்ணை."