அனுப்புநர், பெறுநர்

அண்ணன் தம்பி உறவின் விலை ஒரே ஒரு வரி. பேரம் கிடையாது.

அந்த வரியைத்தான் பலகைக்காரர் காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தார்.

கடைத்தெருவின் தகவல் பலகையை நடத்துவதால் அவருக்கு அந்தப் பெயர். பலகை என்றால் மரப்பலகை இல்லை. ரேடியோ ரிப்பேர் கடையின் பின்னறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மோடம், ஒரு டெலிபோன் லைன். வியாபாரிகள் அவரவர் கடையிலிருந்து டயல் செய்து, ஒருவர் இறங்கியபின் ஒருவராக உள்ளே வந்து, தங்களுக்குள் கடிதம் போட்டுக்கொள்வார்கள்.

மூன்று வாரம் முன்பு மெயில் புரோகிராமைப் புதுப்பித்தார். அன்று பிடித்தது சனி.

பதில் போட்டால் போய்ச் சேரவில்லை என்று பெயிண்ட் கடை புகார். கண்ணாடிக் கடையும் புகார்.

புகாரே சொல்லாத ஒரே ஆள் பைப்புக்கடைப் பெரியவர். எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து பாராட்டிக்கொண்டிருந்தார்.

“உங்க பலகை மாதிரி வருமா சார்! இங்க அனுப்புறேன், அங்கேருந்து பதில் உடனே வந்து விழுது.”

பதில் வருவது பக்கத்துக் கடையிலிருந்து. அப்பா போன பிறகு அண்ணனும் தம்பியும் நடுவில் சுவர் வைத்துக் கடையைப் பிரித்துக்கொண்டார்கள். பைப்பைப் பிரித்தார்கள். வால்வைப் பிரித்தார்கள். ஒரு டஜன் வாளியை ஆளுக்கு ஆறாகப் பிரித்தார்கள்.

அப்பா கல்லாவில் உட்கார்ந்த, சக்கரம் வைத்த முதலாளி நாற்காலியைத்தான் பிரிக்க வழியில்லை. அது பெரியவரிடம் தங்கிவிட்டது. தம்பி சின்னவர் அதைக் கேட்டுப் பலகையில் ஒரு கடிதம் போட்டார். முடியாது என்று பெரியவர் ஒன்று போட்டார். அந்த இரண்டும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. அன்று மாலைதான் புதிய புரோகிராம் வந்தது.

அன்றோடு இருவருக்கும் நேர்ப்பேச்சு நின்றது. கடிதம் மட்டும் ஓடியது.

“ஆனா அவன் கொழுப்பைப் பாருங்க. நான் என்ன எழுதினாலும் ஒரு எழுத்து மாறாம அதையே எனக்குத் திருப்பி எழுதுறான். ‘அதுல உட்கார யோக்கியதை வேணும்டா’ன்னேன். எனக்கே ‘டா’ போட்டுத் திருப்பி அடிக்கிறான்! ‘சொன்னதையே சொல்றியே, கிளியா நீ’ன்னு கேட்டேன். அதுக்கு என்ன எழுதினான் தெரியுமா?”

பலகைக்காரருக்குத் தெரியும். புரோகிராமில் அவர் தேடிய வரி அந்த நிமிடம்தான் திரையில் அகப்பட்டிருந்தது.

பதில் எழுதும்போது, கடிதத்தின் தலைப்பில் அனுப்புநரும் பெறுநரும் இடம் மாற வேண்டும். புரோகிராமின் எழுதும் பகுதி அதைச் சரியாகவே செய்தது. அனுப்பும் பகுதி, தானும் சும்மா இருக்கக் கூடாது என்று, இன்னொரு முறை மாற்றியது. ஆக, பெரியவர் எழுதியதெல்லாம் சின்னவர் பெயரைத் தலையில் சூடிக்கொண்டு பெரியவரிடமே வந்து நின்றது.

பத்தொன்பது கடிதம். மனிதர் மூன்று வாரமாகத் தன்னைத்தானே திட்டி, தன்னிடமே வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

சொல்லிவிடலாம் என்று பலகைக்காரர் வாயைத் திறந்தார்.

“முந்தாநாள் எனக்கே மனசு கேக்கலை.” பெரியவரின் குரல் இறங்கியிருந்தது. “‘தப்பு என்மேலதான், நாற்காலியை நீயே எடுத்துக்கோ’ன்னு எழுதிட்டேன். அதையும் அப்படியே திருப்பி எழுதியிருக்கான் சார். ‘தப்பு என்மேலதான், நாற்காலியை நீயே எடுத்துக்கோ.’ அந்த ‘நீ’யைக்கூட மன்னிச்சுட்டேன். என்ன இருந்தாலும் ஒரே ரத்தம் இல்லையா?”

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைக்க வேண்டியதைத் துடைத்துக்கொண்டார்.

பலகைக்காரர் வாயை மூடிக்கொண்டார்.

உபரி வரியை அழித்தார். அடுத்தது, வழி தவறிய கடிதங்களை உரியவரிடம் சேர்க்க வேண்டும். அதற்கென்று அவர் எழுதி வைத்திருந்த குட்டி புரோகிராம், எல்லாவற்றையும் அனுப்பவா என்று கேட்டது. ‘ஆம்’ என்றால் பெயிண்ட் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் வயிறு குளிரும். கூடவே பெரியவரின் பத்தொன்பதும் சுவர் தாண்டும். பதினெட்டு வசவு முன்னால், மன்னிப்பு கடைசியில். மன்னிப்பைப் படிக்கும்வரை சின்னவர் கையில் கடப்பாரை இல்லாமல் இருக்க வேண்டும்.

பைப்புக்கடைக் கடிதங்களை மட்டும் தனியே ஒதுக்கினார். பத்தொன்பதுதான் இருக்க வேண்டும். முப்பது இருந்தன.

மிச்சம் பதினொன்று சின்னவர் எழுதியவை.

அடுத்தவர் கடிதத்தில் தலைப்புக்குக் கீழே பார்ப்பதில்லை என்பது பலகைக்காரர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். கண் சறுக்கியது. பத்து கடிதங்களில் பெரியவருக்குக் குறையாத வாய். பதினொன்றாவது நேற்றையது: “தப்பு என்மேலதான் அண்ணே. நாற்காலி உங்ககிட்டயே இருக்கட்டும்.”

அதுவும் பெரியவர் பெயரைச் சூடிக்கொண்டு சின்னவரிடமே போயிருந்தது. அண்ணன் தன்னை ‘அண்ணே’ என்று கூப்பிட்டதைச் சின்னவர் கவனித்தாரோ, கண்ணீரில் தெரியவில்லையோ.

பலகைக்காரர் முப்பதையும் அழித்தார். மற்றவர்களுடையதை அனுப்பினார்.

“நான் இப்பவே போய் நாற்காலியை அவன் கடையில தள்ளிட்டு வர்றேன்,” என்று பெரியவர் எழுந்தார்.

சாயங்காலம்வரை தெருவில் சக்கரச் சத்தம். நாற்காலி அந்தக் கடைக்குப் போனது. திரும்பி வந்தது. மறுபடி போனது.

பலகைக்காரர் பராமரிப்பு நோட்டை எடுத்து அன்றைய வேலையைப் பதிந்தார்.

எழுதிய கடிதம் முப்பது. போய்ச் சேர்ந்தது பூஜ்யம். தீர்ந்த சண்டை ஒன்று.

பாக்கி: நாற்காலி ஒன்று. அனுப்புநர் இருவர். பெறுநர் இல்லை.